இன்னும் முடியல

உவர்க்குடி உப்பளத்துக்கு நடுவே கப்பல் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதில் மட்டும்தான் ஊரில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது. மற்றபடி அது கிழக்கே இருந்து வந்ததா தெற்கே இருந்து வந்ததா, கடலுக்கும் அளத்துக்கும் இடையில் இருக்கிற உடைமரக் காட்டையும் தார்ச்சாலையையும் பேருந்து நிறுத்தத்தையும் ஒரு கிளைகூட ஒடியாமல் எப்படித் தாண்டியது என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது. விடிந்து பெண்கள் வேலைக்கு வந்தபோது கோபுர உயரத்துக்குத் துருப்பிடித்த ஒரு சரக்குக் கப்பல், வரிசையாகப் பல பாத்திகளை மறைத்துக்கொண்டு, கணுக்கால் அளவு உப்புத்தண்ணீரில் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போய் வேலையைத் தொடங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி ஒதுக்காவிட்டால், கப்பல் வந்தது என்று சொன்னாலும் கணக்குப்பிள்ளை இசக்கிராஜா கேட்கமாட்டார்.

சந்தனமாரி மட்டும் நின்று போனை எடுத்தாள். காலையில் உப்பு வாருகிறவளும் மத்தியானத்துக்குமேல் 'உப்புக்கல்லு' என்ற பெயரில் மீம் போடுகிறவளுமான அவளுக்கு, எதைப் பார்த்தாலும் மேலே ஒரு வரி கீழே ஒரு வரி தோன்றிவிடும். முந்தின வாரம்தான் "நிழல்ல நிக்கவன்: என்னா வெயிலு சாமி! அளத்துல நான்: நிழலா, அது எந்த ஊரு?" என்று ஒன்று போட்டு, அது துபாய்வரை போய்விட்டதாக அவளோடு உப்பு சுமக்கும் ஜெபமலர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கப்பலைப் படம் எடுத்து, "மேப்பு சொல்லிச்சுன்னு எடதுபக்கம் திரும்புனேன்" என்று எழுதிப் போட்டாள். கொஞ்சம் கழித்து, "சாம்பார்ல உப்பு கம்மின்னுதான் சொன்னேன், அண்ணன் நேரா அளத்துக்கே வந்துட்டாரு" என்று இன்னொன்று போட்டாள். உப்புக்கூடையை இறக்கிவிட்டு வருவதற்குள் சிரிக்கிற முகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்திருந்தன.

மேல்தட்டில் ஆட்கள் நிற்பதை முதலில் பார்த்தவள் ஜெபமலர்தான். கறுத்து மெலிந்த ஆண்கள் சிலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், இடுப்பில் சமையல் துணி கட்டியவர், கயிற்றேணியில் இறங்கி வந்து, பாத்தியை மிதித்துவிடாமல் வரப்பில் கவனமாகக் கால்வைத்து நின்றார்.

"ஏ தாயி, ஸ்ட்ரைக்கு முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

அவர் உவர்க்குடிக்காரர்களைப் போலவே தமிழ் பேசியது யாருக்கும் வினோதமாகப் படவில்லை. கேள்விதான் குழப்பியது.

"எந்த ஸ்ட்ரைக்கு அண்ணாச்சி?" என்றாள் ஜெபமலர்.

"ஒங்க ஸ்ட்ரைக்குதான். ஒங்களுக்கே தெரியாதா?"

அவர் பெயர் க்வேசி, கப்பலின் சமையல்காரர், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்காரர். அவர் வரப்பில் உட்கார்ந்து சொன்னதைப் பெண்கள் கூடையோடு நின்று கேட்டார்கள். இந்தக் கப்பல் உவர்க்குடி உப்பை ஏற்றத்தான் வந்தது. வந்த நேரத்தில் அளத்துச் சனங்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். குடிக்கத் தண்ணீர், ஒதுங்க நிழல், காலுக்குச் செருப்பு, இந்த மூன்றும்தான் அவர்கள் கேட்டது. முதலாளி வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து உப்பை ஏற்றப் பார்த்தார். கப்பல்காரர்கள் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய ஊரிலும் சரக்கு சுமக்கிறவர்களின் முதுகு இவர்களுடையதைப்போலவே வெந்துபோயிருந்தது. அப்படியானால் கிடந்து சாவுங்கள் என்று கப்பலின் சொந்தக்காரன் எங்கிருந்தோ சொல்லி அனுப்பினான். டீசல் வாங்கி வருகிறேன் என்று கரையிறங்கிய கேப்டன் திரும்பவில்லை. பட்டினி கிடந்த உவர்க்குடிப் பெண்கள் இருந்த கஞ்சியில் பாதியை வள்ளத்தில் வைத்துக் கப்பலுக்கு அனுப்பினார்கள். நீங்கள் முடிந்தது என்று சொல்லாமல் நாங்கள் கிளம்பமாட்டோம் என்று கப்பல்காரர்கள் சைகையாலேயே வாக்குக் கொடுத்தார்கள்.

"அப்பறம் மழ வந்துட்டு. புயலு இழுத்துட்டுப் போயிட்டு. வழி கண்டுபிடிச்சு இப்பதான் திரும்புனோம்," என்றார் க்வேசி, போன வாரம் நடந்ததைச் சொல்வதுபோல.

பிறகு சுற்றிலும் பார்த்து, "முத்துக்கிளி எங்க? கஞ்சிப்பானைல எனக்கு மட்டும் ரெண்டு கருவாடு கூடுதலாப் போடுவாளே, அவ எங்க?" என்று கேட்டார்.

முத்துக்கிளி அவருக்கு எதிரேதான் நின்றிருந்தாள். அந்த ஸ்ட்ரைக்கின்போது குமரியாக இருந்தவள், இப்போது கண்ணில் பூ விழுந்து, பல்லெல்லாம் போய், பேத்திக்குப் பதிலாக அன்று ஒரு நாள் கூலிக்கு வந்திருந்தாள். க்வேசிக்கு நாற்பது வயதுக்குமேல் இருக்காது. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "இங்கனதான் எங்கனயாவது இருப்பா," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

ஸ்ட்ரைக் எப்படி முடிந்தது என்பது ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஜெயித்துவிட்டோம், மாலைகூடப் போட்டார்கள் என்றார் மூக்காண்டி, அந்தக் காலத்தில் சங்கத்துக் கொடியைப் பிடித்தவர். மாலை போட்டது அவருடைய கல்யாணத்துக்கு என்றாள் முத்துக்கிளி, போலீஸ் வந்து அடித்ததுதான் தனக்கு ஞாபகம் என்றாள். போலீஸ் அடித்தது வேறு ஸ்ட்ரைக்கில் என்றார் மூக்காண்டி. இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பெரிய மழை பெய்து பாத்தியெல்லாம் கரைந்துபோனது, வேலையே இல்லாதபோது வேலைநிறுத்தம் என்று தனியாகச் செய்ய எதுவுமில்லை, வெயில் திரும்பியதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டார்கள். முடிந்தது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

கப்பல் நின்றுகொண்டே இருந்தது, ஊர் அதற்குப் பழகிக்கொண்டே வந்தது. காலையில் அதன் நிழல் மேற்கே விழுவதைப் பார்த்துப் பெண்கள் மேற்குப் பாத்திகளுக்கு மாறிக்கொண்டார்கள். அளத்தில் நிழல் விழுந்தது அதுதான் முதல் தடவை. தாசில்தார் அலுவலகத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, கப்பல்களுக்குத் தங்களிடம் விதி எதுவும் இல்லாததால், இது ஆக்கிரமிப்பு என்று ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். சந்தனமாரி அதைப் படம் எடுத்து, "வந்தது சரி தம்பி, பட்டா இருக்கா?" என்று போட்டாள். வெளியூரிலிருந்து வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் கப்பல் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள், ஐஸ் வண்டி வந்தது, சுண்டல் வந்தது. இவ்வளவு கூட்டத்திலும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதை வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துத் திரும்பிப் போனார்கள்.

பாத்திகள் மறிபட்டுக் கிடப்பதில் முதலாளி கொதித்துப்போயிருந்தார். கணக்குப்பிள்ளை இசக்கிராஜா பெண்களைக் கூட்டினார்.

"இந்தா பாருங்கம்மா, அவன் என்ன கேக்கான்? ஸ்ட்ரைக்கு முடிஞ்சிட்டான்னு கேக்கான். முடிஞ்சிட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போவும்? அவம்பாட்டுக்குப் போயிருவான்."

அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. சந்தனமாரிக்கும் பட்டது. கப்பலுக்கு அடியில் அகப்பட்ட பாத்திகளில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் அவளுடைய தங்கையும் ஒருத்தி. எனவே அவளும் ஜெபமலரும் மூக்காண்டியும் இன்னும் சிலரும் போய் க்வேசியைக் கூப்பிட்டார்கள்.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி, ஜெயிச்சிட்டோம்," என்றாள் சந்தனமாரி.

க்வேசி மேலே பார்த்து ஏதோ கத்தினார். கப்பலில் கைதட்டலும் பாட்டும் கிளம்பின. ஒருவர் தகரத்தைத் தட்ட, மற்றவர்கள் ஆடினார்கள். க்வேசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்தத் தண்ணியில ஒரு சொம்பு குடுங்க தாயி, குடிச்சிட்டுக் கெளம்புதோம்," என்றார்.

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீர் அந்நேரத்துக்குத் தீர்ந்திருந்தது. மூக்காண்டி வடக்கே கையைக் காட்டிவிட்டு அங்கே ஒன்றும் இல்லாததால் கையை மெல்ல இறக்கினார்.

"பொய்யி அண்ணாச்சி, தண்ணியுமில்ல ஒண்ணுமில்ல," என்றாள் ஜெபமலர்.

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு வந்தால் அவளால் நிறுத்த முடியாது. மேலே பாட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, கீழே இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, சந்தனமாரிக்கு வெட்கமாக இருந்ததா சிரிப்பாக இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. க்வேசி கோபப்படவில்லை. அவர் ஜெபமலரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சந்தனமாரியின் கையிலிருந்த போனைக் காட்டி, "வந்த நாள்ல இருந்து எங்கள இதுல புடிச்சிப் புடிச்சிச் சிரிக்கியளே, அது என்னதுன்னு காட்டு," என்றார்.

அவள் காட்டினாள். மேப்பு என்றால் என்ன, பட்டா என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக விளக்கவேண்டியிருந்தது. விளக்க விளக்க அந்த மீம்கள் அவளுக்கே அசட்டுத்தனமாகத் தெரிந்தன. ஆனால் க்வேசி, பட்டா விஷயம் புரிந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இதத்தானே நாங்களும் செஞ்சோம்," என்றார்.

அவர் அவளைக் கப்பலின் மறுபக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். துருவின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட படங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அளத்து முதலாளி நண்டாக இருந்தார், கப்பலின் சொந்தக்காரன் அந்த நண்டின் முதுகில் குடைபிடித்து உட்கார்ந்திருந்தான். கேப்டன் டீசல் கேனோடு ஓடிக்கொண்டே இருந்தான், பக்கத்துப் படத்திலும் ஓடினான், அதற்கடுத்ததிலும் ஓடினான். தினமும் ஒரு படம் போடுவோம், கரையில் பசியோடு உட்கார்ந்திருக்கிற பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு அவர்கள் சாக்கில் கரியால் ஒரு படம் போட்டுத் தூக்கிக் காட்டுவார்கள், நாங்கள் சிரிப்போம் என்றார் க்வேசி. அவங்க பேச்சு எங்களுக்கு அப்பத் தெரியாது, எங்க பேச்சு அவங்களுக்குத் தெரியாது, சிரிச்சுத்தான் இன்னைக்கும் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிடுவோம் என்றார்.

மறுநாள் காலை பெண்கள் வழக்கம்போல வந்தார்கள், ஆனால் பாத்திக்குள் இறங்கவில்லை. இறங்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜெபமலர் கப்பல் நிழலில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள், பக்கத்தில் முத்துக்கிளி வந்து உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொருத்தியாக, தாங்கள் ஏன் உட்காருகிறோம் என்று நிச்சயமில்லாமலே எல்லோரும் உட்கார்ந்தார்கள். கப்பலிலிருந்தும் இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். சந்தனமாரி அந்த வரிசையைப் படம் எடுத்தாள். மேலே ஒரு வரியும் தோன்றவில்லை. கீழே "இன்னும் முடியல" என்று மட்டும் எழுதிப் போட்டாள்.

அதை எல்லோரும் மீம் என்றுதான் நினைத்தார்கள். சிரிக்கிற முகங்கள் எண்ண முடியாத அளவுக்கு வந்தன. இரண்டு மூன்று நாளில் அந்த வரி எங்கெங்கோ போய்விட்டது: பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் போட்டார்கள், கல்யாண வீட்டில் போட்டோகிராபர் முன்னால் நின்று கால்கடுத்தவர்கள் போட்டார்கள், நாலாவது தடவையாகத் தோசை கேட்கும் கணவனைப் பற்றி ஒருத்தி போட்டாள். பிறகு எங்கோ ஒரு செங்கல் சூளையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களின் படத்தின் கீழே அதே வரி வந்தது. தோல் பதனிடும் ஷாப்பு வாசலிலிருந்து ஒன்று வந்தது. தமிழே இல்லாத எழுத்துகளில், யாருக்கும் படிக்கத் தெரியாத பாஷைகளில், வாழைத்தோட்டத்திலும் துணி ஆலையிலும் துறைமுகத்திலும் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தவர்களின் படங்கள் வந்தன. எது கேலி, எது ஸ்ட்ரைக் என்று பிரித்துப் பார்க்க சந்தனமாரி ரொம்ப முயன்றாள், முடியவில்லை. சில படங்களில் இருந்தவர்களுக்கே அது தெரிந்திருக்குமா என்று சந்தேகமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் அவள் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டாள், போட்டது சரியா என்று ஒவ்வொரு தடவையும் யோசித்தாள்.

இசக்கிராஜா தினமும் வந்து நின்றார்.

"இது காமெடியா, இல்ல நெசமாவே ஸ்ட்ரைக்கா? மொதலாளி கேக்காரு, நான் என்ன சொல்ல?"

"எங்களுக்கும் தெரியல அண்ணாச்சி. காமெடின்னே சொல்லுங்க," என்றாள் ஜெபமலர்.

"காமெடின்னா எந்திரிச்சு வேலையப் பாருங்க."

"இன்னும் முடியல," என்றாள் அவள், வரிசை முழுக்கச் சிரித்தது. புரிந்தோ புரியாமலோ கப்பல்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள், இசக்கிராஜாவுக்கே உதட்டோரம் துடித்தது.

முதலாளி பயந்தாரா, வெட்கப்பட்டாரா, கப்பல் போனால் போதும் என்று நினைத்தாரா, அவருடைய மகள் கல்லூரியிலிருந்து போன்போட்டு அழுதாள் என்று ஊரில் பேசிக்கொண்டது உண்மையா, தெரியாது. பௌர்ணமிக்கு முந்தின நாள் லாரியில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர்த்தொட்டி வந்து இறங்கியது. அடுத்து, தகரக் கூரை போட்ட கொட்டகை எழுந்தது. அதற்கடுத்து ரப்பர் செருப்புகள் வந்தன, பாதிப் பேருக்கு. மீதிப் பேருக்கு அடுத்த வருஷம் என்றார்கள்.

சந்தனமாரி ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து க்வேசியிடம் கொண்டுபோனாள். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "ஜெயிச்சமா?" என்று கேட்டார்.

"தண்ணி வந்துட்டு, நெழலு வந்துட்டு, செருப்பு பாதிப் பேருக்குத்தான். ஜெயிச்சமான்னா எனக்குச் சொல்லத் தெரியல அண்ணாச்சி."

"பாதின்னா, ஆளுக்கு ஒத்தச் செருப்பா?"

"இல்ல, பாதி ஆளுக்கு ரெண்டு செருப்பு."

க்வேசி சொம்போடு ஏணியில் ஏறினார். மேலே போய்க் கப்பல்காரர்களோடு பேசினார், சத்தமாகப் பேசினார், சண்டைபோல இருந்தது. இறங்கி வந்து சொன்னார்: வேறொரு கரையில் வாழைத்தோட்டத்துக்காரர்களுக்கும் இதேபோல ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம், அவர்களும் உட்கார்ந்துகொண்டிருப்பார்கள், போகவேண்டும். இங்கே பாதி முடிந்திருக்கிறது, அதனால் முழுசாகப் போகவும் முடியாது. ஆகவே எங்களில் ஒருத்தன் மிச்சப் பாதிக்காக இங்கே இருப்பான், உங்களில் ஒருத்தர் எங்களோடு அந்தக் கரைக்கு வரவேண்டும்.

இது கேலியாக இருக்குமோ என்றுகூடச் சிலர் க்வேசியின் முகத்தைப் பார்த்தார்கள். மூக்காண்டி தொண்டையைச் செருமினார், எல்லோரும் அவர் போகப்போகிறார் என்று நினைத்தபோது அவர் சும்மா செருமினார் என்று தெரிந்தது.

"நான் போறேன்," என்றாள் ஜெபமலர்.

அவள் புருஷன் அருளப்பன் தண்ணீர்த்தொட்டிக்குப் பைப் மாட்டிக்கொண்டிருந்தவர், ஸ்பேனரோடு ஓடிவந்தார். பதினெட்டு வருஷமாக அவளுடைய வேடிக்கைப் பேச்சைக் கேட்டுப் பழகியவர் என்பதால் முதலில் சிரித்தார். அவள் கயிற்றேணியில் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது.

"என்னட்டி இது? எப்ப வருவ?"

"அங்க முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

"இங்க எப்ப முடிஞ்சுதுன்னு ஒமக்குத் தெரியுமா? அதே மாரிதான்," என்றாள். பிறகு இன்னும் ரெண்டு படி ஏறிவிட்டுத் திரும்பி, "சோத்த ரொம்பக் கொழைய விட்டுராதிய," என்றாள். அருளப்பன் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

கப்பல் பத்து மணி வெயிலில் கிளம்பியது. சந்தனமாரி போனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள், பிடித்தபடியே அழுதாள், வீடியோவை அழுத்தவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முத்துக்கிளி வரப்பில் ஓடி, ஏணியை மேலே இழுத்துக்கொண்டிருந்த க்வேசியிடம், "ஏய், நாந்தான்! நாந்தான் முத்துக்கிளி!" என்று கத்தினாள். அவர் காதுக்கு எட்டியதா என்று தெரியவில்லை. அவர் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார், அது இரண்டு கருவாடா, வெறும் கையசைப்பா என்று அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். கப்பல் பாத்திகளுக்கு மேலாகவும், பேருந்துக்காக நின்றவர்களுக்குப் பின்னாலும், உடைமரங்களுக்கு நடுவிலும் போனது. அது நின்ற இடத்தில் உப்பு ஒரு கல் நொறுங்காமல் விளைந்து கிடந்தது.

இங்கே தங்கியவன் பெயர் யா. இருபத்தைந்து வயது இருக்கும், என்ஜின் அறையில் வேலை பார்த்தவன், தமிழ் அவ்வளவாகத் தெரியாது. கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். அருளப்பன் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், குழைந்துபோன சோற்றைப் போட்டு, எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எல்லோரும் பாத்திக்குள் இறங்கினார்கள், செருப்பு உள்ளவர்கள் செருப்போடு, இல்லாதவர்கள் வெறுங்காலோடு. வெறுங்கால்காரர்களின் வரிசையில் கடைசி ஆளாக யா நின்றான். இசக்கிராஜா கொட்டகையில் நின்று ஆஜர் எடுக்கத் தொடங்கினார். போனவளின் பெயரை விட்டுவிடவேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்திருந்தார், ஆனால் நாக்கு பழக்கத்தில் அதையும் கூப்பிட்டுவிட்டது.

"ஜெபமலர்!"

அளம் முழுக்க வாரும் சத்தம் நின்றது. இசக்கிராஜா தலையை நிமிர்த்தாமல் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார்.

"இருக்கேன்," என்றான் யா.